பட்டியல் யார் கையில்?

புதுவையில் தேர்தல் என்றாலே முதலில் பட்டியல்தான். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் ஆணை, இந்தியர் தம் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழிவிட்டது. துறந்தோரில் ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் மிகுதி. 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர் என வாக்காளர் மூன்று பட்டியல்களாயினர். ஆசாரத்துக்கு ஆபத்து என்ற அச்சத்தை அரசியலாக்கியவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். பல்லாண்டுகள் இங்கே அவர் வைத்ததே சட்டம். நம் பண்பாடு அழிகிறது என்று ஐரோப்பியத் தீவிர வலதுசாரிகள் இன்று முகநூலில் விற்கும் சரக்கு, நமக்கொன்றும் புதிதல்ல.

2021இல் பட்டியல் கைபேசிக்குள் வந்தது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவுக்கு முன், வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்திகள். அவற்றில் அவரவர் வாக்குச்சாவடிக்கான பாஜக வாட்ஸ்அப் குழுவின் இணைப்பு. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டுமே அவை வந்தன என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தார் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். கட்சி மறுத்தது, தொண்டர்கள் வீடுவீடாகத் திரட்டிய எண்களாம். குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்ற நீதிமன்றம் ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது.

2016இல் ஓரிடமும் வெல்லாத கட்சி இம்முறை ஆறு இடங்களை வென்றது. வாட்ஸ்அப்பே காரணம் என்பது மிகை. ரங்கசாமியின் கூட்டணியும் காங்கிரசிலிருந்து தாவியவர்களும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் சாவடியையும் எண்ணையும் ஒரே சரட்டில் கோத்த கை எது என்பது வேறு கேள்வி.