கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தில் பெண்கள்

உலக வணிகச் சரக்கில், அளவின்படி, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பல்களில் செல்கிறது. இச்சரக்கைக் கொண்டு செல்லும் மாலுமிப் பணி நெடுங்காலமாக ஆண்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. இந்நிலையை மாற்ற மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு உட்பட்டது.

தொடக்க முயற்சிகள்

கப்பல் வணிகத்தில் ஈடுபட்ட பெண்களின் பன்னாட்டுச் சங்கமான விஸ்டா 1974-இல் தோன்றியது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, சுவீடனின் மால்மோ நகரில் 1983-இல் உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தை நிறுவியது. பெண்களுக்கான தனித் திட்டத்தை அவ்வமைப்பு 1988-இல் தொடங்கியபோது, மிகச் சில கடல்சார் பயிற்சி நிறுவனங்களே மாணவிகளைச் சேர்த்துவந்தன. எனவே பயிற்சியும் உதவித்தொகையும் அத்திட்டத்தில் முதன்மை பெற்றன. பின்னர் ஆப்பிரிக்கா, ஆசியா உள்ளிட்ட பகுதிகளில் கடல்சார் பெண்களின் வட்டாரச் சங்கங்கள் உருவாயின.

இந்தியாவில்

கொல்கத்தா தாராதலாவில் உள்ள கடல்சார் பொறியியல் நிறுவனத்தில் பயின்ற சோனாலி பானர்ஜி, 1999-இல் நாட்டின் முதல் பெண் கப்பல் பொறியாளர் ஆனார். அங்கே மாணவியருக்கு விடுதி இல்லாததால் அவர் அதிகாரிகளின் குடியிருப்பில் தங்க வைக்கப்பட்டார். கேரளத்தின் கொடுங்கல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன் வானொலி அதிகாரியாகப் பணியில் சேர்ந்து, இந்திய வணிகக் கப்பல்களின் முதல் பெண் தலைவராக உயர்ந்தார். 2015 சூன் மாதம் வங்கக் கடலில் தத்தளித்த ‘துர்க்கம்மா’ படகின் ஏழு மீனவர்களை, ‘சம்பூர்ண சுவராஜ்யா’ கப்பலின் தலைவராக இருந்து மீட்டார். இதற்காக 2016-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் இவரே.

கப்பலில் வசதிகள்

சேர்க்கை கிடைத்தால் மட்டும் ஒருவர் பணியில் நிலைத்துவிட முடியாது. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கப்பல், பணியிடமாகவும் வீடாகவும் அமைகிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உறங்கும் அறைகளும் கழிப்பறைகளும் வேண்டும் என்றது. உடலளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடைகளும் கருவிகளும் வழங்கப்பட வேண்டும் என்ற விதி 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 2024 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொருந்தாத கையுறையும் காலணியும் அணிந்து வேலை செய்வது சிரமம் மட்டுமன்று, விபத்துக்கும் வழியாகும்.

இன்றைய நிலை

கப்பல் தொழில் அமைப்புகள் 2021-இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, உலகில் 24,059 பெண் மாலுமிகள் இருந்தனர். 2015-ஆம் ஆண்டுக் கணக்கை விட இது 45.8 விழுக்காடு கூடுதல். எனினும் மொத்த மாலுமிகளில் பெண்களின் பங்கு 1.28 விழுக்காடே. 2022 முதல் மே 18 கடல்சார் பெண்களுக்கான பன்னாட்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பயிற்சி நிறுவனங்கள் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்தும், அவர்களுக்கு ஏற்ற கப்பல்களை உருவாக்கும் பணி இன்னும் முடியவில்லை.