பொதுகே எங்கே போனது?

தென்பெண்ணைக் கரையில், மலையமான் திருமுடிக்காரி ஆண்ட திருக்கோவிலூரில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. கடலுக்கு இத்தனை தூரம் தள்ளியிருக்கும் அந்த ஊருக்கு ரோமாபுரிப் பொன் எந்தத் துறை வழியாக வந்திருக்கும்?

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலோட்டும் வழியை ஒரு கிரேக்கர் எழுதிவைத்தார். 'பெரிப்ளூஸ்' என்ற அந்த நூலில் நம் கீழைக்கரைக்கு மூன்று துறைமுகங்கள்: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றார்கள் பிற்கால அறிஞர்கள். சோபட்மா மரக்காணம் பக்கம் என்றார்கள். நடுவிலிருந்த பொதுகேதான் அகப்படவில்லை.

1768-ல் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வேண்டும். 1761-லேயே பார்த்திருக்க வேண்டியது. போர் வந்து கெடுத்தது. 1769 ஜூனில் மேகம் கெடுத்தது. பாவம், ஊர் திரும்பினால் அவர் செத்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தார்கள் உறவினர்கள்! ஆனால் வந்த இடத்தில், வீராம்பட்டினம் அருகே ஆற்றங்கரையில் பழஞ்செங்கல் சுவர்களைக் கண்டு குறித்துவைத்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதை யாரும் சீண்டவில்லை.

1937-ல், அந்தச் சுவர்கள் இருந்த அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு செதுக்குக் கல் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கைக்கு வந்தது. அதிலிருந்த தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸுடையது என்றார் அவர். சிலர் தோண்டியும் பார்த்தார்கள். கிடைத்த ஓடுகளில் கொஞ்சம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய் அலமாரிக்குள் உறங்கின.

1944-ல் தொல்லியல் துறைக்குப் புதிதாகத் தலைமையேற்ற மார்ட்டிமர் வீலர் கண்ணில் பட்டது, அந்த அலமாரியில் கிடந்த ஒரு ஜாடித் துண்டு. மத்தியதரைக் கடலோரத்தில் மது அடைத்து அனுப்பும் ஆம்போரா! எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு ஓடினார். 1945-ல் மண்வெட்டி விழுந்தது. இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புக் கலங்கள், அடியில் குயவரின் முத்திரையோடு வந்தன. கூடவே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும். 'இந்திய-ரோமானிய வணிகத்தலம்' என்று உலகுக்கு அறிவித்தார் வீலர். ரோமர்கள் வந்துதான் ஊரே உருவானது என்ற பேச்சு பரவியது.

அந்தப் பேச்சுக்கும் ஆயுள் குறைவுதான். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். இத்தாலியக் கலங்கள் வருவதற்கு வெகுமுன்பே அங்கே மக்கள் குடியிருந்தது தெரிந்தது. உள்ளூர்க்காரர்கள் கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து விற்ற ஊர் அது. ரோமக் கப்பல் அதைத் தேடி வந்திருக்கிறது. கிரேக்கர் காதில் பொதுகே என்று விழுந்த அந்த ஊரின் பெயரைத்தான் புதுச்சேரி என்று பேருந்துப் பலகையில் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள்.