31744-ஆம் முகவரிக்கு ஒரு பைட்

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி. அதில் செருகிய ஃப்ளாப்பியின் முதல் தடத்து முதல் பிரிவில், கணினியைத் துவக்கும் நிரல் 512 பைட்களாக உறங்குகிறது. அதன் முதல் பைட் நினைவகத்தின் 31744-ஆம் முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

இன்டெல் 8088 செயலி அதைத் தானே தூக்கிச் செல்வதில்லை. எந்த முகவரியில் தொடங்குவது, எத்தனை பைட் வரும் என்ற விவரங்களை 8237 என்ற டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) சில்லிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 512 பைட்டுக்கு 511 என்று எழுத வேண்டும். அந்தச் சில்லு பூஜ்ஜியத்தையும் சேர்த்து எண்ணும்.

வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்கிறது. காந்தப் பதிவிலிருந்து வரும் பிட்களை எட்டெட்டாகக் கோத்துப் பைட் ஆக்குகிறது ஃப்ளாப்பியின் கட்டுப்படுத்தி. அடுத்த பைட் 32 மைக்ரோநொடியில் வந்து நிற்கும். அதற்குள் முந்தைய பைட் கிளம்பாவிட்டால் வாசிப்பே பிழையாகிவிடும்.

கட்டுப்படுத்தி கோரிக்கை எழுப்புகிறது. 8237 தரவுப் பாட்டையைக் கேட்டு வாங்குகிறது, செயலி வழிவிடுகிறது. ஒரே கணத்தில் கட்டுப்படுத்திக்குக் 'கொடு' என்றும், நினைவகத்துக்கு 'எழுதிக்கொள்' என்றும் சைகை. பைட் 8237-க்குள் நுழையாமலே நேராகப் பாய்கிறது. மடை திறப்பவர் தண்ணீரைச் சுமப்பதில்லை அல்லவா?

எல்லாம் ஐந்து கடிகாரத் துடிப்புக்குள், சுமார் ஒரு மைக்ரோநொடியில் முடிகிறது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதி செயலிக்கே. இடையிடையே, ஏறத்தாழ 15 மைக்ரோநொடிக்கு ஒருமுறை, இதே 8237 நினைவகத்தைப் புதுப்பிக்கவும் செய்கிறது; இல்லாவிட்டால் வந்துசேர்ந்த பைட்டையே நினைவகம் மறந்துவிடும்.

இந்தச் சில்லுக்கு ஓர் எல்லை உண்டு. அது எண்ணுவது 16 பிட் முகவரியை மட்டும். மேல் நான்கு பிட்கள் வேறொரு சில்லில் அசையாமல் இருக்கும். 64 கிலோபைட் எல்லையைத் தாண்டும் தரவு அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கே இருப்பதை அழித்துவிடும். அதைத் தவிர்ப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பாக இருந்தது.

512-உம் வந்ததும் எண்ணிக்கை முடிந்த செய்தி கட்டுப்படுத்திக்குப் போகிறது. அது குறுக்கீட்டுச் சைகையால் செயலிக்குத் தெரிவிக்கிறது. செயலி 31744-க்குத் தாவுகிறது. தான் தொடாமலே வந்த பைட்டை இப்போதுதான் முதல் கட்டளையாகப் படிக்கிறது.

இன்றைய என்விஎம்இ எஸ்எஸ்டி, இடையில் தனிச் சில்லு இல்லாமல் தானே நினைவகத்தில் எழுதுகிறது. வேகம் எத்தனையோ மடங்கு கூடிவிட்டது, ஏற்பாடு மாறவில்லை. எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிட்டு, முடிந்த செய்தி வரும்வரை செயலி தன் கணக்கைப் பார்க்கிறது. கணினியின் வேகத்தைச் செயலியை மட்டும் வைத்து அளக்கிறோம். அது வழிவிடக் கற்றதற்கும் அந்த வேகத்தில் பெரும் பங்குண்டு.