இறுதிச் சொல் யாருக்கு? ஐரோப்பிய நீதிமன்றமும் ஜெர்மன் நீதிமன்றமும்

ஐரோப்பியச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின்) சட்டமே உறுப்பு நாடுகளின் சட்டத்துக்கு மேலானது என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இதை முழுமையாக ஏற்கவில்லை. அடிப்படை உரிமைகளுக்கு ஐரோப்பிய அளவில் போதிய பாதுகாப்பு உருவாகாத வரை, அச்சட்டங்களைத் தானே ஆராயப்போவதாக 1974-இல் கூறியது. அப்பாதுகாப்பு நீடிக்கும் வரை தலையிடுவதில்லை என 1986-இல் அறிவித்தது. அதிகாரத்தை அது கைவிடவில்லை, பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டது.

ஒன்றுக்கொன்று கீழ்ப்படாத சட்ட அமைப்புகள் இவ்வாறு உடனிருப்பதையே ஸ்காட்லாந்து அறிஞர் நீல் மெக்கார்மிக் உள்ளிட்டோர் 'அரசியல் சாசனப் பன்மைத்துவம்' என்றனர்.

ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் வரம்பு மீறியதாக ஜெர்மன் நீதிமன்றம் 2020 மே 5-இல் தீர்ப்பளித்தது. இதற்காக ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூனில் தொடங்கிய நடவடிக்கை, ஜெர்மன் அரசு ஒன்றியச் சட்டத்தின் முதன்மையை ஏற்று உறுதியளித்ததும் டிசம்பரில் முடித்துக்கொள்ளப்பட்டது. தீர்ப்பு திரும்பப் பெறப்படவில்லை.