கத்தரிக்கோலும் பசைக்கிண்ணமும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், பிரபுக் குடும்பத்துப் பெண்கள் புகைப்படங்களைக் கத்தரித்துத் தாம் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களில் ஒட்டிச் செய்த ஆல்பக் கலை மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. அன்று அதற்காக யாரும் இரங்கல் எழுதவில்லை. தாமதமாகவேனும் நாம் எழுதுவோம்.

1854இல் பாரிஸைச் சேர்ந்த புகைப்படக்காரர் டிஸ்டெரி, ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுத்து உள்ளங்கையளவு அட்டைகளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1860இல் புகைப்படக்காரர் மேயால் எடுத்த அரச குடும்பத்துப் படங்கள் விற்பனைக்கு வந்தபின், அரசியின் முகமும் நடிகையின் முகமும் ஒரே கடையில் கிடைத்தன. யாராயினும் ஸ்டுடியோவின் அதே தூணருகே, அதே திரைச்சீலைமுன் நின்றார்கள். பிறப்பின் உயரம் அட்டையில் கரைந்துபோன அந்தப் பத்தாண்டில்தான், சிறுவயதிலேயே தூரிகை பழகியிருந்த சீமாட்டிகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள்.

அவர்களுள் ஒருவரான ஃபில்மர் சீமாட்டியின் ஆல்பத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். தீட்டிய வரவேற்பறை, அதில் ஒட்டிய மனிதர்கள். வேல்ஸ் இளவரசர் நடுவில், மேசையோரம். கணவரோ நாயின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். மேசைமீது ஆல்பங்கள், பசைக்கிண்ணம். அருகே சீமாட்டியே நிற்கிறார். 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவனுக்கே உரியதாயிருந்த நாட்டில், யார் யாரருகே இருப்பதென்று ஒரு பெண் தன் விருப்பப்படி முடிவுசெய்த இடம் அந்தத் தாள். கேட் கஃப் இன்னும் துணிந்தவர்: குளத்தில் நீந்தும் வாத்துகளின் கழுத்தில் பெண்முகங்களைப் பொருத்தினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்து இருபதாண்டுகூட நிறையாத காலம் அது. அந்த வாத்துகளின் முகத்தில் உள்ள அமைதி எனக்கு மறப்பதேயில்லை.

இறுதிக்காலம் ஓசையின்றி வந்தது. அட்டைப்பட மோகம் தணிந்தது. 1888இல் கோடக் கேமரா வந்தபின் படமெடுப்பதே வீட்டு வேலையாயிற்று. ஆல்பங்கள் பரணேறின. 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் தாளை ஒட்டிப் படைத்தபோது உலகம் அதைப் புதுமை என்று வரவேற்றது. அரை நூற்றாண்டு முன்பே அதைச் செய்த கைகள் அப்போது எவர் நினைவிலும் இருக்கவில்லை. அது பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டது பெரும் அநீதி.

2009இல் சிகாகோ கலைக்கூடம் அந்த ஏடுகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் சிலவற்றைச் செய்தவர் யாரென்று இன்னும் தெரியவில்லை.