அப்பல்லோ பந்தரும் அதையொட்டிய ஓவியக் கூடங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் பம்பாய்த் தமிழர்களாகிய நாம் முதலில் அழைத்துப் போகிற இடம் கேட்வே ஆஃப் இந்தியா. தாஜ் ஓட்டலைப் பின்னால் வைத்து ஒரு போட்டோ, நேரமிருந்தால் லாஞ்ச் ஏறி எலிஃபண்டா. அவ்வளவுதான், பம்பாய் பார்த்தாச்சு! அங்கிருந்து பத்து நிமிட நடையில் நவீன இந்திய ஓவியம் பிறந்து வளர்ந்த சின்னச் சின்னக் கூடங்கள் இருப்பதும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதும் நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. "அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம்" என்று ஒதுக்கி விடுகிறோம். ஆனால் அந்த ஓவியங்களைத் தீட்டியவர்களில் சிலர் யார் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

முதலில் கரையைப் பார்ப்போம். அப்பல்லோ என்றதும் கிரேக்கத் தெய்வம் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'பால்வா' என்ற உள்ளூர்ச் சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் இப்படித் திரிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது ஒருவகை மீன் என்பார் சிலர், ஒருவகைப் படகு என்பார் சிலர். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் ஆக்கியவர்கள்தானே! 'பந்தர்' என்றால் துறை.

கேட்வேயை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அது எதிரே வரும் சாலைக்கு நேராக இல்லை, சற்றுக் கோணலாகத் திரும்பி நிற்கிறது. 1911 டிசம்பர் 2-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியபோது இங்கே இருந்தது வெறும் அட்டை மாதிரிதான்.  ஜார்ஜ் விட்டெட் வரைந்த வடிவத்துக்கு 1914-ல்தான் அனுமதி கிடைத்தது. கடலைத் தூர்த்து, அஸ்திவாரம் போட்டு, 83 அடி உயரத்துக்குக் கட்டி முடித்து, 1924 டிசம்பர் 4-ல் வைஸ்ராய் ரீடிங் பிரபு திறந்து வைத்தார். செலவு சுமார் 21 லட்ச ரூபாய். வாசலை நோக்கி ஓர் அகன்ற வீதி அமைப்பதாகத் திட்டம். பணம் தீர்ந்து போனது. ஆக, வாசல் இருக்கிறது, அதற்கான வீதி இல்லை. 1948 பிப்ரவரி 28-ல் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இந்த வளைவின் கீழாக அணிவகுத்துப் போய்க் கப்பலேறியது. வரவேற்கக் கட்டிய வாசலை, வழியனுப்பிய வாசலாகத்தான் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அதற்கெல்லாம் முன்பு, சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. கப்பல் தேடி வந்ததும் இதே பம்பாய்த் துறைமுகத்துக்குத்தான். அது நமக்குத் தெரிந்த கதை.

இனி காலா கோடாவுக்கு நடக்கலாம். ஏழாம் எட்வர்ட் குதிரை மேல் அமர்ந்த கரிய சிலை இங்கே நின்றதால் வந்த பெயர். 1965-ல் சிலையை அகற்றி பைகுல்லா ராணி பாக் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். எலிஃபண்டா தீவுக்கு அந்தப் பெயரைத் தந்த கல்யானையும், இங்கிலாந்துக்குக் கடத்தப் பார்த்து உடைந்துபோனபின், அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. யானையும் குதிரையும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே என்பது வேடிக்கை. 2017-ல் காலா கோடாவில் ஒரு புதுக் குதிரையை நிறுத்தினார்கள். இதன் மேல் ராஜாவும் இல்லை, எவரும் இல்லை.

பக்கத்திலுள்ள ராம்பார்ட் ரோ, 1860-களில் இடிக்கப்பட்ட கோட்டை மதிலின் பெயரை இன்னும் சுமக்கிறது. நம் கதை சூடு பிடிப்பது இந்தத் தெருவில்தான். ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து கப்பலேறிய சிலர் 1930-களில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்திரிய ஓவியர் வால்டர் லாங்ஹாமர், வியன்னாவிலிருந்து வந்த ஷ்லெசிங்கர், விமர்சனம் எழுதிய ரூடி வான் லைடன். ஒருவர் கற்றுக் கொடுத்தார், ஒருவர் விலை கொடுத்து வாங்கினார், ஒருவர் பத்திரிகையில் எழுதினார். ஓவியனுக்கு வேறென்ன வேண்டும்? ஓவியத்தை மாட்ட ஒரு சுவர் வேண்டும். அதுதான் இல்லை.

அந்தச் சுவரைத் தந்தது ஒரு பிரேம் கடை! கேம்பிரிட்ஜில் படித்துக் கொண்டிருந்த கேகூ காந்தி என்ற பார்ஸி இளைஞர் விடுமுறைக்கு ஊர் வந்த நேரத்தில் உலகப் போர் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. 1941-ல் படச்சட்டம் செய்யும் தொழில் தொடங்கினார். 'கெமிக்கல் மோல்டிங்' என்பதைச் சுருக்கி 'கெமோல்ட்' என்று பெயர். பிரேமை விற்க வேண்டுமானால் உள்ளே ஒரு படம் வேண்டுமே? இளம் ஓவியர்களின் படங்களை வாங்கிக் கடையில் மாட்டினார்.

யார் அந்த ஓவியர்கள்? கே.எச். ஆரா, செகந்தராபாத் பக்கத்துக்காரர். பிழைப்புக்காக வீட்டு வேலை செய்தவர், கார் துடைத்தவர். எம்.எஃப். உசைன் சினிமா பேனர் வரைந்தவர். எஸ்.எச். ரஸா பிளாக் செய்யும் ஸ்டூடியோவில் சம்பளக்காரர். எஃப்.என். சூஸா ஜே.ஜே. கலைப்பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். இவர்களோடு காடே, சிற்பி பாக்ரே என அறுவர் சேர்ந்து 1947-ல் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். 1949-ல் ராம்பார்ட் ரோவில் இருந்த பம்பாய் ஆர்ட் சொசைட்டி கூடத்தில் முல்க் ராஜ் ஆனந்த் திறந்து வைக்கக் கண்காட்சி நடத்தினார்கள். குழு சில ஆண்டுகளில் கலைந்தது. ஆனால் இன்று அவர்கள் படங்கள் கோடிகளில் ஏலம் போகின்றன.

1952-ல் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி வந்தது. இறந்துபோன மகனின் நினைவாக சர் காவஸ்ஜி ஜஹாங்கீர் நிதி கொடுத்தார். அலைபோல மடிந்து நீளும் கான்கிரீட் முகப்பு. இங்கே 1954-ல் அக்பர் பதம்ஸியின் முதல் தனிக் கண்காட்சியில் போலீஸ் நுழைந்தது. ஆணும் பெண்ணுமாக நின்ற படங்கள் ஆபாசம் என்று வழக்கு. மன்னிப்புக் கேட்டுப் படத்தை இறக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். இருபத்தாறு வயது இளைஞர் கோர்ட்டுக்குப் போய் நின்றார், ஜெயித்தார். என் கணக்கில், காலா கோடாவில் நடந்தவற்றிலேயே பெரிய சம்பவம் இதுதான்.

1963-ல் கெமோல்ட், அதே ஜஹாங்கீர் கட்டடத்தின் மாடியில் ஒரு சிறு கேலரி திறந்தது. அதே ஆண்டு ஃப்ளோரா ஃபவுண்டன் அருகே பண்டோல் கேலரியும் வந்தது. 1964-ல் ஜஹாங்கீரின் தாழ்வாரத்தில் சமோவார் என்ற சிற்றுண்டிக் கடை. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஓவியர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்களாம். சமோவார் 2015-ல் மூடப்பட்டது. கெமோல்ட் 2007-ல் பிரெஸ்காட் ரோடுக்கு மாறியது. பண்டோல் ஏலக்கூடமாகிவிட்டது. தென் பம்பாயின் இட நெருக்கடி நமக்குத் தெரியாததா? சின்ன அறைகள் ஒவ்வொன்றாகப் போனால் அடுத்த ஆரா தன் படத்தை எங்கே கொண்டுபோய் மாட்டுவார் என்ற கேள்வி எனக்கு உண்டு. இப்போதைக்கு ஜஹாங்கீருக்கு வெளியே நடைபாதையில் படங்களைச் சாத்தி வைத்திருக்கும் இளைஞர்களைக் காணலாம். மழை வந்தால் பிளாஸ்டிக் ஷீட்.

எதிரேயும் அக்கம்பக்கத்திலும் இரண்டு பெரிய கட்டடங்கள். காவஸ்ஜி ஜஹாங்கீர் ஹாலில் 1996 முதல் தேசிய நவீன ஓவியக் கூடம் இயங்குகிறது. மற்றது, நாம் இன்னும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயா. இதிலுள்ள ஒரு அரங்கின் பெயர் குமாரசுவாமி ஹால். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான சர் முத்துக் குமாரசுவாமியின் மகன், நடராஜர் வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஆனந்த குமாரசுவாமியின் பெயர்தான் அது.

அந்த ஹாலில் 2017-ல் விவான் சுந்தரம் ஒரு படைப்பை வைத்தார். கப்பலின் அடிவயிறு போன்ற உலோகக் கூட்டுக்குள் பார்வையாளரை உட்கார வைத்து, 1946-ஆம் ஆண்டுக் கடற்படை எழுச்சியை ஒலியாகக் கேட்கச் செய்தார். அந்தப் பிப்ரவரி 18-ல் கொலாபாவின் 'தல்வார்' பயிற்சித் தளத்தில், மோசமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் வசவையும் எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குப் பரவியது. மாலுமிகளுக்காக ஊர்ஜனங்கள் பழமும் ரொட்டியும் கொண்டுவந்து சேர்த்த இடம் எது தெரியுமா? நாம் போட்டோ எடுக்கிற அதே கேட்வே கரை. ஐந்தாறு நாளில் எல்லாம் அடங்கியது. நகரத் தெருக்களில் இருநூறு பேருக்கு மேல் குண்டடி பட்டு இறந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை வேண்டாம், எலிஃபண்டாவுக்கும் தேசியக் கூடத்துக்கும் விடுமுறை. மற்ற நாளில் காலை பதினொரு மணிக்கு மேல் ஜஹாங்கீரில் ஆரம்பிக்கலாம். உள்ளே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் வரைந்தவரே ஒரு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குழந்தைகளை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.