மோட்டார் வாங்குவதா, வேண்டாமா? கேரளக் கடற்கரையின் ஒரு கணக்கு

1980களின் தொடக்கத்தில் கேரளத்தின் நாட்டுப்படகு மீனவர்கள் முன்னே ஒரு கேள்வி எழுந்து நின்றது: வள்ளத்தின் பின்புறத்தில் பொருத்தும் அவுட்போர்டு மோட்டாரை வாங்குவதா, வேண்டாமா? மீன்வளத் திட்டங்களைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை ‘நவீனமயமாக்கம்’ என்னும் ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றனர். வாங்கியவரின் விருப்பத்துக்கு அதில் எவ்வளவு இடமிருந்தது என்பதே என் ஐயம்.

இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. வழக்கிலிருந்த வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்தலாம் என்பது தொடக்க கால எண்ணம். மரத்தைக் குடைந்தும் பலகைகளைக் கயிற்றால் தைத்தும் செய்த அவ்வள்ளங்கள், உள்ளே பதிக்கும் எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே புதிய விசைப்படகுகள் வந்தன. பின்னர் இழுவை மடியும் இறால் ஏற்றுமதியும் சேர்ந்துகொண்டன. 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த ஓலி எவின்ரூட் நார்வேயில் பிறந்தவர். ஆயினும் நார்வேயின் உதவி கேரளத்துக்குக் கொணர்ந்தது வேறு எஞ்சினை.

1970களில் இழுவைப் படகுகள் கரையோரக் கடலையே அரித்தெடுத்தன. வள்ளக்காரர்களின் மீன்பாடு குறைந்தது. தொலைவு செல்ல வேண்டியவர்களுக்குத் துடுப்பும் பாயும் போதவில்லை. ஒரு துறையில் ஒரு வள்ளம் மோட்டார் பொருத்தியதும் மற்றவற்றின் நிலை மாறிவிடும்: அது மீன்கூட்டத்தை முதலில் அடையும், ஏலத்துக்கும் முதலில் திரும்பும், நல்ல தொழிலாளிகளும் அதையே நாடுவர். வாங்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டாயிற்று.

கையில் பணமில்லாதவர் வணிகரிடமோ தரகரிடமோ கடன் பெற்றார். கடன் தீரும்வரை மீனை விற்கும் உரிமையும் அதற்கான தரகும் கடன் கொடுத்தவருக்கே. எரிபொருட் செலவைக் கழித்த பின்னரே பங்கு பிரிப்பர். ஆகவே மீன் கிடைக்காத நாளின் மண்ணெண்ணெய்ச் செலவை, மோட்டாருக்கு உரிமையில்லாத தொழிலாளியும் சுமந்தார்.

மோட்டாரின் இயல்பையும் கருத வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த அந்த எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் கரியைப் படியவைக்கும். உப்புநீர் உலோகத்தைத் தின்னும். நாள்தோறும் உழைக்கும் மோட்டார் விரைவில் பழையதாகிவிடும். பழையதை விலை பேசுபவர் மேற்பூச்சைப் பார்த்துப் பயனில்லை. கயிற்றை இழுக்கையில் கை உணரும் அழுத்தம் சிலிண்டரின் நிலையைச் சொல்லும். அடிப்பகுதியின் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், சீல் பழுதாகித் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஓடும்போது குளிர்நீர் சரிவரப் பீச்சாவிட்டால் பம்பு தேய்ந்திருக்கலாம், அல்லது குழாயில் உப்பு அடைத்திருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் உதிரிபாகம் கிடைக்காவிடில், குறைந்த விலையும் வீண் செலவே. 1980இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார் பழுதுபார்ப்பிலும் உதிரிபாக வழங்கலிலும் இறங்கியதன் அருமை இங்கேதான் விளங்கும். கடன் கொடுத்தோர் பலருண்டு, பழுதுபார்க்க ஆளில்லை.

கட்டுமரக்காரருக்கோ மோட்டாரோடு படகும் புதிதாக வேண்டியிருந்தது. தெற்கே, 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த குமரி மாவட்டத்து முட்டத்தில், அலைகடந்து கரையேறும் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன.

1980களின் நடுவில் சுருக்குமடி பரவியது. வலை பெருத்தது, வள்ளம் நீண்டது. பத்துக் குதிரைத்திறனுக்கு உட்பட்ட மோட்டாரோடு தொடங்கிய துறைகளில் 25, 40 குதிரைத்திறன் மோட்டார்கள் வந்தன. ஒரே வள்ளத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவையும் பொருத்தப்பட்டன. மழைக்கால இழுவைமடித் தடை கேரளத்தில் நடைமுறைக்கு வந்த 1988க்குள், இழுவைப் படகுகளை எதிர்த்துப் போராடிய வள்ளக்காரர்களில் பலர் மோட்டார்க் கடனில் இருந்தனர்.